டிவியில் எடுத்த அளவு

அளவு ஜாக்கெட் கொண்டாரலீங்களா? பரவால்லீங்க கண்ணு, இல்லாட்டித்தான் நல்லது. ஆளை நிக்க வச்சு அளந்தாத்தான் எனக்கும் திருப்தி. செருப்பை அப்படி ஓரமா உட்டுட்டு இந்த டியூப்லைட்டுக்குக் கீழ வந்து நில்லுங்க. மாவு மில்லுக்கு அடுத்த காம்பவுண்டுல புதுசா குடி வந்திருக்கறது நீங்கதானா? சொன்னாங்க. இன்னேரம் என்னயப் பத்தியும் உங்ககிட்ட யாராச்சும் சொல்லியிருப்பாங்களே. சொல்லலியா? அந்த மாவு மில்லுக்காரம்மா கூடவா சொல்லல? பாருங்க, சிரிக்கறீங்க. அப்பச் சொல்லிட்டாங்க.

அவங்க சொன்னது பாதிதான் நெசம். மீதிய நான் சொல்றேன். நீங்க கையைச் சித்த தூக்கிக்கங்க.

இந்தக் கணபதி ஏரியாவுல இருபத்திரெண்டு வருசமா தைக்கறனுங்க. ஒரு ஜாக்கெட்டு டைட்டுன்னு திரும்பி வந்ததில்ல, லூசுன்னு திரும்பி வந்ததில்ல. ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணத்தான் ஊரே பேசுது. அதுக்குக் காரணம் யாருன்னு கேட்டா எங்க ஊட்டுக்காரரு. நல்ல மனுசன்தான், லேத்துப் பட்டறைல டர்னர் வேலை. ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் கண்ணுல பட்டுரும். தோசை சுட்டுப் போட்டா வட்டமா இல்லைம்பாரு. ருசியப் பத்தி ஒரு வார்த்தை வராது.

போன தீபாவளிக்கு அவருதான் பெரிய டிவி வாங்கியாந்தாரு. செவுத்துல மாட்டறது. அவரு பாக்கற கிரிக்கெட்டெல்லாம் ஹெச்டி சேனலு. அதை வச்சா டிவி முச்சூடும் படம், பளபளன்னு இருக்கும். நான் பாக்கற சீரியலு வர்றது சாதா சேனலுங்க. அதை வச்சா நடுவுல சதுரமாப் படம், இந்தப் பக்கம் ஒரு சாண் கருப்புப் பட்டை, அந்தப் பக்கம் ஒரு சாண் கருப்புப் பட்டை.

மங்களகரமா ஒரு பொண்ணு வெளக்கேத்திட்டு நிக்கறா, ரெண்டு பக்கமும் கருப்பு! பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருப்பாங்க பாருங்க, அதே மாதிரி. "ஏனுங்க, புது டிவி ஊட்டுக்குள்ள வந்த மொத நாளே இப்படியா? அதை மொதல்ல எடுங்க"ன்னேன்.

"சாதா சேனல்காரன் சதுரமாத்தான் அனுப்பறான். டிவி நீளமா இருக்குது. மிச்ச எடம் சும்மா கெடக்குது. அது ஒண்ணும் பண்ணாது"ன்னாரு.

"சும்மா கெடக்கறதுக்கா முழு டிவி வாங்குனீங்க?"

"இழுத்து உட்டா எல்லாரும் அகலமாத் தெரிவாங்க, புள்ள."

"தெரியட்டும். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மூணு நாள் சொன்னனுங்க. நாலாம் நாள் சோத்தைப் போட்டுட்டு, குழம்பை ஊத்தாம நின்னுக்கிட்டே சொன்னேன். ரிமோட்டை எடுத்து என்னமோ ஒரு பட்டனை அமுக்கினாரு. கருப்பு போயிருச்சு. படம் இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வந்துருச்சு. அமுக்கினது யாரு? அவரு. நான் ரிமோட்டைத் தொட்டனா? தொடலை. இதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கங்க.

திரும்புங்க கண்ணு. அப்படியே நில்லுங்க, மூச்சைப் பிடிக்காதீங்க. எல்லாரும் அளவெடுக்கறப்ப வயித்தை எக்கிக்கறாங்க, அப்பறம் வந்து டைட்டுன்னு என்னயத் திட்டறாங்க.

அப்பறம் பாருங்க, சீரியலே அழகாயிருச்சு. அதுல யாழிசைன்னு ஒரு மருமவ வருவா. முன்னாடி வத்தலும் தொத்தலுமா இருந்தவ, இப்பப் பூசினாப்புல, குடும்பப் பாங்கா ஆயிட்டா. எனக்கு ரொம்ப சந்தோசம். மாமியாக்காரி அத்தனை கொடுமை பண்ணியும் புள்ள நல்லா சாப்பிடறா போலிருக்குதுன்னு நெனச்சுக்குவேன். இவருதான் பக்கத்துல உக்காந்து குறை சொல்லிட்டே இருப்பாரு. "அந்த கார் சக்கரத்தைப் பாரு, முட்டையாட்ட இருக்குது." "நெலாவைப் பாரு, அமுக்கி வச்சாப்புல." "அவ பொட்டு படுத்துட்டு இருக்குது, புள்ள." நான் சொன்னேன், "கட்டின பொண்டாட்டி பொட்டை இருபத்தஞ்சு வருசத்துல ஒரு நாள் பாத்ததில்ல, அடுத்தவ பொட்டு படுத்திருக்குதா நிக்குதான்னு ஆராய்ச்சியா? கதையப் பாருங்க." அதுக்கப்பறம் அவரு வாயைத் திறக்கல. அங்கதான் அவரு தப்புப் பண்ணினாரு. தெரிஞ்ச மனுசன் விடாமச் சொல்ல வேண்டாமா?

இப்ப விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரு நாத்தனாருங்க, இவருக்கு அக்கா, தனபாக்கியம்னு பேரு. சரவணம்பட்டில இருக்காங்க. நாங்க நங்கைன்னு கூப்பிடுவோம். அவங்களுக்கு ஒரே புள்ள, பிரதீபா. எனக்குக் கொழந்தை இல்லீங்க. அதனால அவதான் எனக்கு எல்லாம். அவ மொதப் பாவாடை சட்டை நான் தச்சது. ஸ்கூல் யூனிபாரம் நான் தச்சது. காலேஜுக்கு சுடிதார் நான் தச்சது. லீவு உட்டாப் போதும், பஸ் ஏறி இங்க வந்துருவா. இந்த மிசினுக்கு அடியில உக்காந்துட்டு வெட்டுத் துணிய வச்சு பொம்மை செஞ்சுட்டு இருப்பா.

அவளுக்குப் போன தை மாசம் கல்யாணம் வச்சாங்க. மொகூர்த்தத்துக்குத் தாய்மாமன் ஊட்டுச் சேலை. மாமன் சேலை எடுத்தா அத்தைக்காரி ஜாக்கெட்டு தைக்கறதுதானுங்க மொறை. சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனாலும் டெய்லரா ஒரு அத்தை குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப வெளிய குடுத்தா ஊரு என்ன பேசும்? நங்கைக்கு உள்ளூர ஆசைதான், காந்திபுரத்துல ஏசி போட்ட கடைல குடுக்கோணும்னு. பிரதீபாதான் பிடிச்ச பிடியா நின்னா. "அத்தை தச்சாத்தான் போடுவேன். யாழிசை கல்யாணத்துல போட்டிருக்காளே, அதே மாதிரி பின்கழுத்து வேணும் அத்தை"ன்னா.

அந்த நேரத்துக்குச் சீரியல்லயும் யாழிசைக்குக் கல்யாணம். ரெண்டாவது தடவை, அதே புருசனோடதான். அந்தக் கதை இப்ப வேண்டாம். பின்னாடி இருந்து படம் பிடிக்கறான், முதுகு நல்லாத் தெரியுது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்கிட்டக் கொண்டுட்டுப் போறான். "நிறுத்துங்க!"ங்குது ஒரு குரல். படம் அப்படியே நின்னுருது, அன்னிக்குக் கதை முடிஞ்சுது. மறுநாள் மறுபடியும் கொண்டுட்டுப் போறான். மறுபடியும் "நிறுத்துங்க!" எட்டு நாளுங்க! எட்டு நாளும் தாலி அந்தரத்துலயே தொங்குது. ஊரே அவனைத் திட்டுச்சு. நான் ஒருத்திதான் கும்பிட்டேன். கடைசியில படம் நிக்கும் பாருங்க, ஒரு பத்து எண்ணற நேரம், அந்த நேரத்துல டேப்பை எடுத்துட்டுப் போயி டிவி மேல வச்சுருவேன்.

சிரிக்காதீங்க. வேற எப்படிங்க எடுக்கறது? போட்டோவுல பாத்துக் குத்துமதிப்பாத் தைக்கறவங்க இருக்காங்க. நான் அப்படி இல்லீங்க. மொத நாள் இறக்கம் எடுத்தேன், நாலரை இஞ்ச். ரெண்டாம் நாள் அகலம் எடுத்தேன், அஞ்சு இஞ்ச். மூணாம் நாள் சந்தேகத்துக்கு ரெண்டையும் ஒருக்கா எடுத்தேன். டேப்போட ஒரு நுனியப் பிடிச்சுட்டு நின்னது எங்க ஊட்டுக்காரருங்க. டர்னரு! இருபது வருசமா மில்லிக் கணக்குல அளக்கற வெர்னியர் பிடிச்ச கை! பிடிச்சுட்டு நின்னாரு, "ஆனா புள்ள..."ன்னு ஆரம்பிச்சாரு. "பேசாதீங்க, படம் போயிரும்"னேன்.

கணக்கைப் பாருங்க. நாலரைக்கு அஞ்சு. பிரதீபாவுக்குப் பின்கழுத்து ஒன்பது இறக்கம் வைக்கலாம். அப்ப அகலம் பத்து. கணக்குல தப்பு இருக்குதா? இல்ல. எந்தக் காலேஜுல குடுத்தாலும் பத்துதான் வரும்.

துணிய விரிச்சு, சாக்பீஸுல பத்துன்னு குறிச்சேன். கை நின்னுருச்சுங்க. சாதாரணமா நான் ஏழு, மிஞ்சிப் போனா ஏழரைக்கு மேல அகலம் வச்சதில்ல. அவ தோளு மொத்தமே பதிமூணு. பத்து போனா மிச்சம் மூணு, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை. கத்திரி உள்ள போகவே மாட்டேங்குது. இருபத்திரெண்டு வருசத்துக் கை, அதுக்குத் தெரிஞ்சிருக்குது. நான்தான் அதைத் திட்டினேன், "டிவில அத்தனை பெரிய நடிகை போட்டிருக்கா, உனக்கு என்ன வந்துச்சு"ன்னு. வெட்டிட்டேன்.

அதுக்கு நடுவுல பிரதீபா ஒரு நாள் போனுல சொன்னா, "யாழிசை ஒல்லியாத்தானே அத்தை இருக்கா, கழுத்து அளவா இருக்குது"ன்னு. "உங்க ஊட்டுல ஹெச்டி. தனிக் காசு கட்டினா ஒல்லியாக் காட்டுவான் கண்ணு, நெசமான யாழிசை எங்க ஊட்டுலதான் வர்றா"ன்னேன். சிரிச்சுட்டு வச்சுட்டா.

போட்டுப் பாத்தாளான்னு கேக்கறீங்களா? அதுதானுங்க கெரகம். தச்சு முடிச்சு ஆரி வேலைக்குக் குடுத்தேன். அவங்க முத்து வச்சு, மணி வச்சு, மயிலு போட்டுக் கையில குடுக்கறப்பக் கல்யாணத்துக்கு மொத நாள் மத்தியானம். நேரா அன்னூரு மண்டபத்துக்கே எடுத்துட்டுப் போயிட்டேன்.

காத்தால மொகூர்த்தம். பொண்ணு ரூமுல மேக்கப்புக்கு வந்த புள்ளதான் ஜாக்கெட்டைப் போட்டு உட்டா. கொக்கி மாட்டினா. வலது தோளு இறங்கிருச்சு. ஏத்தி உட்டா. இடது தோளு இறங்கிருச்சு. ரெண்டையும் சேத்து ஏத்தினா, ரெண்டும் சேந்து இறங்குச்சு. "அக்கா, இது என்ன மாடலுங்க?"ன்னு என்னயக் கேட்டா. நான் என்னத்தச் சொல்றது? "புது மாடலு"ன்னேன்.

அப்பத்தான் நங்கை உள்ள வந்தாங்க. பாத்தாங்க. "ஏம்புள்ள, கழுத்தா இது? கெணறு!"ன்னாங்க. அவ்வளவுதான். அக்கா தங்கச்சிக, ஒறம்பரை சொந்தம்னு வந்த பொம்பளைக, எல்லாரும் அவங்கவங்க சேலைல இருந்து ஊக்கைக் கழட்டிக் குடுத்தாங்க. ஜாக்கெட்டைச் சேலையோட சேத்துக் குத்தினோம். வலது பக்கம் ஏழு, இடது பக்கம் ஏழு. பிரதீபா கண்ணாடிய ஒருக்காப் பாத்தா. "அத்தை, நான் தும்மலாமா?"ன்னு மட்டும் கேட்டா. "வேண்டாம் கண்ணு"ன்னேன்.

மணவறைக்கு எப்படிப் போனாங்கறீங்க? தலைல நெறகொடம் வச்சாப்புல. கழுத்தைத் திருப்பலை, தோளை அசைக்கலை, குனிஞ்ச தலை நிமிரலை. மாப்பிள்ளையோட அம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க, "இந்தக் காலத்துல இப்படி அடக்கமான பொண்ணு கெடைக்குமா?"ன்னு. எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. போட்டோக்காரன் "தோளைக் கொஞ்சம் திருப்புங்க மேடம்"ங்கறான். அவ "முடியாதுங்க"ங்கறா. தாலி கட்டறப்ப மாப்பிள்ளை "ஆ"ன்னாரு. மேளச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பதினாலு ஊக்குல ஒண்ணு அவரு வெரல்ல ஏறியிருக்கும்னு நெனைக்கறேன்.

பந்தி முடிஞ்சு கை கழுவுற எடத்துல நங்கை என்ற கிட்ட வந்தாங்க. "உன்ற தையலுக்கு இன்னியோட ஒரு கும்பிடு. இனி எம்புள்ள துணிய நீ தொட வேண்டாம்." அவ்வளவுதானுங்க. அதுக்கப்பறம் பேச்சு வார்த்தை இல்ல. மறுவூட்டு விருந்துக்கு இவரை மட்டும் கூப்பிட்டாங்க. மாரியம்மன் நோம்பிக்குப் பலகாரம் வரலை. பிரதீபா போன் பண்ணுவா, "நல்லா இருக்கீங்களா அத்தை"ன்னு கேப்பா, பின்னாடி இருந்து நங்கை "சோறு ஆறுது, வை போனை"ம்பாங்க. வேற யாராச்சும் திட்டியிருந்தா நானும் நாலு திருப்பிக் குடுத்திருப்பேன். "தொட வேண்டாம்"னுட்டாங்களே. அந்த வார்த்தை மிசின்ல உக்காந்தா முன்னாடி வந்து உக்காந்துக்கும். ரெண்டு மாசம் நான் கல்யாண ஜாக்கெட்டே எடுக்கலீங்க. பாவாடை ஓரம் அடிச்சுட்டு, தலகாணி உறை தச்சுட்டு இருந்தேன்.

கல்யாணம் ஆயி எட்டாம் நாளு இவரு பட்டறைல இருந்து வெர்னியரைக் கொண்டாந்தாரு. சீரியலு ஓடிட்டு இருக்குது. யாழிசை நெத்தி பெருசாத் தெரியறப்ப டிவிகிட்டப் போயி அவ பொட்டை அளந்தாரு. "மேல கீழ பன்னெண்டு மில்லி. குறுக்க பதினாறு மில்லி. வட்டம்னா ரெண்டும் ஒண்ணா இருக்கோணும் புள்ள"ன்னாரு. அப்பறம் ரிமோட்டை எடுத்து அந்தப் பட்டனை அமுக்கினாரு. ரெண்டு பக்கமும் கருப்பு வந்துச்சு. யாழிசை சுருங்கிப் போயிட்டா, ஆறு மாசம் காய்ச்சல்ல கெடந்தவளாட்ட. மறுபடியும் அளந்தாரு. பன்னெண்டுக்குப் பன்னெண்டு.

அவரு சொன்னாரு, அஞ்சு இஞ்சுன்னு நாம எடுத்தது நெசத்துல மூணே முக்கால்னு. அப்பப் பத்துக்கு என்ன வரும்? ஏழரை. என்ற கை போட்ட கணக்கு! இத்தனை நாளா நான் வச்சுட்டு இருந்த ஏழரை!

"இதைக் கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"ன்னு கேட்டேன். "சொன்னனே"ன்னாரு. "எப்பச் சொன்னீங்க?"ன்னேன். சக்கரம், நெலா, பொட்டுன்னு வெரல உட்டு எண்ணறாரு. நெலாவைச் சொன்னா அது ஜாக்கெட்டுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்களே சொல்லுங்க. கழுத்துன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? போயிப் படுத்துட்டேன். ரெண்டு நாள் சமைக்கல. மூணாம் நாள் எந்திரிச்சுப் பாத்தா, அந்தக் கருப்புப் பட்டை அப்படியே இருக்குது. இருந்துட்டுப் போகுதுன்னு உட்டுட்டேன்.

கையை மடக்குங்க கண்ணு, முழங்கை வரைக்கும் வேணுமா, சித்த மேலயா? சரி.

கல்யாண வீடியோ வந்து சேர ஏழு மாசம் ஆச்சுங்க. வீடியோக்காரங்க அப்படித்தானே. அன்னிக்குப் பிரதீபாவே போன் பண்ணினா. "ஞாயித்துக்கிழமை வீடியோ போடறோம், மாமாவும் நீங்களும் வந்தே ஆகோணும். வரலைன்னா நான் பாக்க மாட்டேன்"னா. மாசமா இருக்கற புள்ள, அஞ்சு மாசம். மாட்டேன்னு எப்படிச் சொல்றது? போனேன். ஆனா அந்தக் கெணத்தை நாலு பேருக்கு நடுவுல, அத்தனை பெரிய டிவில, ஹெச்டில பாக்கோணுமே.

நாங்க உள்ள போறப்ப அவ ரிமோட்டை வச்சுட்டு டிவி முன்னாடி ஒக்காந்திருந்தா. என்னென்னமோ எழுத்தா ஓடுது. "என்ன கண்ணு?"ன்னேன். "ஒண்ணுமில்ல அத்தை, சும்மா"ன்னா. நங்கை என்னயப் பாக்காம இவருக்கு மட்டும் காப்பி குடுத்தாங்க. பிரதீபா தன்ற டம்ளரை என்ற கைல குடுத்தா.

வீடியோ ஓடுது. என்னத்தச் சொல்ல, எல்லாரும் ஒல்லி! மண்டபமே ஒல்லி! ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை, நடுவுல ஒறம்பரை பூராத்தையும் நிமித்தி வச்சாப்புல நெடு நெடுன்னு நிக்கறாங்க. எங்க ஊட்டுக்காரரு டிவியப் பாத்தாரு. பந்தில போட்டிருக்கற லட்டைப் பாத்தாரு. "லட்டு கோழி முட்டையாட்ட..."ன்னு வாயைத் திறந்தாரு. பிரதீபா கண்ணை ஒரு உருட்டு உருட்டினா. மூடிட்டாரு. என்ன ஜாடைன்னு எனக்கு அப்பப் புரியல.

அண்ணன், அதான் நங்கை ஊட்டுக்காரரு, "என்னடா இது, நான் இவ்வளவு நெட்டையா?"ங்கறாரு. "நெட்டைதானுங்கப்பா நீங்க, எப்பவும் ஒக்காந்தே இருக்கறதால தெரியறதில்ல"ங்கறா பிரதீபா. அப்பறம் நங்கை வந்தாங்க, பச்சைப் பட்டுல, சீர்த் தட்டைத் தூக்கிட்டு. சும்மா சொல்லக் கூடாதுங்க, கொடியாட்ட இருந்தாங்க. நங்கை காப்பி டம்ளரைக் கீழ வச்சுட்டாங்க. "ஏங்க, நானா அது?"ன்னாங்க. "அதை மறுக்காப் போடு கண்ணு"ன்னாங்க. அந்தச் சீர்த் தட்டை மட்டும் நாலு தடவை பாத்தோம். "நான் கூட அன்னிக்கு சித்த தடிச்சுட்டனோன்னு நெனச்சேன். பாரேன் புள்ள, இடுப்பைப் பாரேன்"னு என்ற தோளைத் தட்டறாங்க! என்றகிட்டப் பேசிட்டாங்க! பேசிட்டோம்னு அவங்களுக்கே தெரியல.

அந்தச் சந்தோசத்துல தாலி கட்டறது வந்துருச்சு. பின்னாடி இருந்து எடுத்திருக்கான். நான் கண்ணை மூடிட்டேன். நங்கைதான் சொல்றாங்க, "ஏம்புள்ள, கழுத்து நல்லாத்தானே இருக்குது?" கண்ணைத் திறந்து பாத்தேன். நெசமாலுமே நல்லா இருக்குதுங்க! அளவா, அம்சமா, மயிலெல்லாம் எடுப்பா. எனக்குப் பொறுக்கல, கைப்பையில டேப்பு இருந்துச்சு, எந்திரிச்சுப் போயி வச்சுட்டேன். இறக்கம் மூணு இஞ்ச், அகலம் ரெண்டரை. ஒன்பதுக்கு ஏழரை, கணக்கு சுத்தம்! "பாத்தீங்களா நங்கை, என்ற தையல்ல தப்பே இல்ல. அன்னிக்குப் பாத்தவங்க கண்ணுலதான் தப்பு!"ன்னு சபையில சொல்லிட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க. எங்க ஊட்டுக்காரரு மட்டும் டம்ளருக்குள்ள பாத்துட்டு இருந்தாரு. நங்கை சொன்னாங்க, "அன்னிக்கு அவசரத்துல நானும் வாயை உட்டுட்டேன். வளைகாப்புக்கு ஜாக்கெட்டு தைக்கோணுமில்ல, வேற யாரு தைப்பா, நீயே தச்சுரு."

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? பலகாரம் தின்னேன், ரெண்டாவது காப்பி குடிச்சேன், அந்தச் சீர்த் தட்டை அஞ்சாவது தடவையும் பாத்தேன். வாசல்ல செருப்பு மாட்டறப்பப் பிரதீபா பின்னாடியே வந்தா. கையைப் பிடிச்சுட்டு, நங்கைக்குக் கேக்காம மெதுவாச் சொன்னா, "அத்தை, இந்தத் தடவை டிவியப் பாத்துத் தைக்காதீங்க. என்னயப் பாத்துத் தைங்க."

அப்பத்தானுங்க புரிஞ்சுது. அந்த ரிமோட்டு, அந்த எழுத்து, அந்தக் கண்ணு உருட்டு, எல்லாம். அத்தனை பேரையும் புடிச்சு அமுக்கி ஒல்லியாக்கினது என்ற மானத்தைக் காப்பாத்தத்தான். அங்கயே ஒக்காந்து அழுதுட்டேன். நங்கை, தன்ற இடுப்பு அழகாத் தெரிஞ்ச சந்தோசத்துலதான் நானும் அழுகறேன்னு நெனச்சுட்டாங்க.

ஏன் அழுதேன்னு இவருகிட்டக் கூடச் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்றேன். சீரியல்ல தாலி தொங்குன அந்த எட்டு நாள்ல ஒரு நாள் அவ அளவு குடுக்க வந்தாளுங்க. இதே எடத்துலதான் நின்னா. மார்ச்சுத்து எடுத்தேன், கை எடுத்தேன். கழுத்துக்கு வர்றப்பச் சீரியலு ஆரம்பிச்சுருச்சு. "சித்த தள்ளி நில்லு கண்ணு, டிவி மறைக்குது"ன்னேன். தள்ளி நின்னுட்டா.

ம். சரி, கையை இறக்கிக்கங்க. நேரா நில்லுங்க, அட, நேராத்தான் நிக்கறீங்க. உங்களுக்கு வலது தோளு ரெண்டு நூல் இறக்கமா இருக்குதுங்க கண்ணு. இதுவரைக்கும் தச்சவங்க யாருமே சொன்னதில்லையா?